கருவளர்ச்சி அறிவும் யாழ்ப்பாணத் தமிழும்

மனிதன் வானத்து மீன்களின் வழியை அளந்தறிந்த பின்னரும், தான் பத்துத் திங்கள் கிடந்த இடத்தில் நிகழ்வது யாதென அறியாதவனாகவே நெடுங்காலம் வாழ்ந்தான். கருப்பை கண்ணுக்குப் புலனாகாத அறை. குறைப்பிரசவத்தில் வீழ்ந்த கருவைக் கண்டு, உயிருள்ள கருவின் வளர்ச்சியை உய்த்துணர்தலே பழையோர்க்கு இயன்றது. இன்றோ, பருத்தித்துறை மந்திகையிலுள்ள ஆதார வைத்தியசாலைக்குச் செல்லும் கர்ப்பவதி, தன் மகவின் இதயத் துடிப்பைக் கழியொலிக் கருவியின் திரையில் தானே காண்கின்றாள். அவளுடைய பாட்டியின் பாட்டிக்கு இது கனவிலும் கிட்டாத காட்சி. இவ்விரு நிலைக்கும் இடைப்பட்ட வரலாற்றில் யாழ்ப்பாணக் குடாநாட்டுக்குச் சிறப்பானதோர் இடம் உண்டு. மேனாட்டார் கண்டறிந்த மகப்பேற்று அறிவு, பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவிலேயே இங்குத் தமிழில் நூலாக்கப்பட்டது. அவ்வறிவு நூலிலிருந்து தாயிடம் சென்றடைய மேலும் பல தலைமுறைகள் ஆயின. இவ்விரண்டு செய்திகளும் ஒருங்கே ஆராயத் தக்கன.

பழைய நூல்களிற் கரு

கருவளர்ச்சியைத் திங்கள் முறைப்படி வகுத்துரைத்த பழைய நூல்களுள் சுசுருத சங்கிதை தலையாயது. முதற்றிங்களிற் கூழ் போன்ற நிலை. இரண்டாந் திங்களிற் கட்டியாதல். மூன்றாந் திங்களில் கை கால் தலை என்னும் ஐந்து முளைகள் தோன்றுதல். நான்காந் திங்களில் உறுப்புகள் தெளிவுற்று இதயம் வெளிப்படுதல் என அது நிரல்படக் கூறும். நான்காந் திங்களில் தாயிடத்து இரண்டு இதயங்கள் அமைவதால் அவளை 'இரு இதயம் உடையாள்' என்றும், அப்பொழுது அவள் விரும்பியதை மறுத்தலாகாது என்றும் அந்நூல் விதிக்கின்றது. மசக்கைக்காரியின் ஆசையை நிறைவேற்ற வேண்டும் என்று இன்றும் கிராமங்களிற் கூறப்படுவதோடு இது ஒத்திருத்தல் காண்க.

தமிழிலோ இப்பொருள் மருத்துவ நூல்களோடு நின்றுவிடவில்லை. திருமூலர் திருமந்திரத்தின் இரண்டாந் தந்திரத்திற் 'கர்ப்பக் கிரியை' எனத் தனிப்பகுதி அமைத்தார். பட்டினத்தார் பெயரால் வழங்கும் உடற்கூற்று வண்ணம் கருவுறுதல் தொடங்கிச் சுடலை வரை மனித வாழ்வை விரித்தது. யாழ்ப்பாணத்து அரசர் பெயர் தாங்கிய மருத்துவ நூலாகிய பரராசசேகரம், கர்ப்பிணிகளுக்கு வரும் நோய்களையும் குழந்தைகளின் நோய்களையும் தனித்தனியே ஆராய்ந்தது. ஏழாலை ஐ. பொன்னையபிள்ளை இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் அதனைத் தேடித் தொகுத்துப் பதிப்பித்திராவிடின் அந்நூல் ஏட்டோடு அழிந்திருக்கும்.

இவை யாவற்றினும் மக்கள் செவியில் மிகுதியும் பயின்றது, திருவாசகத்துப் போற்றித் திருவகவலே. மணிவாசகர் ஒன்பதாம் நூற்றாண்டினர் என்பது ஆராய்ச்சியாளர் பலரின் முடிபு. வடமராட்சிக் கோயில்களிலும் வீடுகளிலும் வழிவழியாக ஓதப்பட்டுவரும் அவ்வகவல், கருவின் பத்துத் திங்களையும் பத்து இடர்களாகவே எண்ணுகின்றது. கருவுக்கு எந்த உறுப்பு எப்பொழுது தோன்றிற்று என்பதன்று அங்குப் பேசப்படுவது. எந்தத் திங்களில் எந்தக் கேட்டிலிருந்து அது தப்பியது என்பதே. முதற்றிங்களிற் கரு இரண்டாகப் பிளவுறும் இடரும், நான்காந் திங்களிற் பேரிருளும், ஐந்தாந் திங்களிற் சாக்காடும் கூறப்படுகின்றன. பத்தாந் திங்களில் மகவு படுந் துன்பம் தாயோடு சேர்ந்து படும் துன்பமாகச் சொல்லப்படுதல் உளங்கொளத் தக்கது. பிறப்பு என்பது தாயும் சேயும் ஒருங்கே கடக்கும் கடல் என்னும் உண்மை அதனுள் அடங்கியிருக்கின்றது.

இத்தகைய நூல்களை நோக்குவோர் இருவகைப் பிழைகளைத் தவிர்த்தல் வேண்டும். இன்றைய விஞ்ஞானம் முழுவதும் அவற்றில் முன்னரே உளது எனல் ஒரு பிழை. அவை வெறுங் கற்பனை எனல் மற்றொன்று. சுசுருதர் இதயத்தை நான்காந் திங்களிற் காட்டினார்; உண்மையில் அது கருக்கட்டி மூன்று கிழமை கடந்தவுடனேயே துடிக்கத் தொடங்குகின்றது. கை கால்களின் முளைகளும் மூன்றாந் திங்களுக்கு மிக முன்னர், நான்காம் ஐந்தாம் கிழமைகளிலேயே தோன்றுகின்றன. எட்டாந் திங்களில் உயிர்ச்சத்து தாய்க்கும் சேய்க்கும் இடையே நிலையின்றி அலைவதால் அத்திங்களிற் பிறந்த மகவு பிழையாது என்று இந்திய நூல்கள் கூறும்; எட்டாந் திங்களிற் பிறந்த மகவு பிழையாது என்ற கொள்கை கிரேக்க நூல்களிலும் காணப்படுகின்றது. ஏழாந் திங்களிற் பிறந்தது பிழைக்கும், எட்டாந் திங்களிற் பிறந்தது பிழையாது என்ற நம்பிக்கையின் வேர் இதுவே. அது தவறு. கருப்பையில் தங்கும் ஒவ்வொரு கிழமையும் நுரையீரல் முதிர்ச்சிக்குத் துணையாதலின், எட்டாந் திங்களிற் பிறந்த மகவே ஏழாந் திங்களிற் பிறந்ததனினும் பிழைக்கும் வாய்ப்பு மிகவுடையது.

மற்றொரு புறம், பத்துத் திங்கள் என்னும் வழக்கைப் பிழையெனத் தள்ளுதல் இயலாது. இறுதி மாதவிடாயின் முதல் நாளிலிருந்து பிரசவம் வரை சராசரி 280 நாள். இருபத்தெட்டு நாளை ஒரு திங்களாகக் கொள்ளின், அது சரியாகப் பத்துத் திங்களாகும். அவ்வாறே, உருவமற்ற கூழிலிருந்து உறுப்புகள் படிப்படியாகத் தோன்றுகின்றன என்ற சுசுருதரின் அடிப்படைக் கருத்தும் பிழைபட்டதன்று. அதன் அருமை, ஐரோப்பிய வரலாற்றோடு ஒப்பிடும்பொழுதே விளங்கும்.

ஐரோப்பாவில் நிகழ்ந்த விவாதம்

கோழி முட்டைகளை நாள்தோறும் உடைத்து நோக்கிய அரிஸ்தோத்தில், உறுப்புகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தோன்றுதலைக் கண்டார். ஆங்கில மருத்துவர் வில்லியம் ஹார்வி 1651இல் வெளியிட்ட நூலில், உயிரினங்களெல்லாம் முட்டையிலிருந்தே தோன்றுவன என்றார். ஆயினும் நுண்பெருக்குக் கண்ணாடி கைக்கு வந்தபின் ஒரு விந்தையான பின்னடைவு நேர்ந்தது. 1677இல் லேவன்ஹூக் விந்தணுக்களைக் கண்டார். 1694இல் ஹார்ட்சூக்கர், விந்தணுவின் தலைக்குள் முழங்காலைக் கட்டிக் குந்தியிருக்கும் குறுமனிதன் ஒருவனைப் படமாக வரைந்து காட்டினார். கரு புதிதாக உருவாவதில்லை, முன்னரே முழு வடிவில் இருப்பது பெரிதாகின்றது என்ற இக்கொள்கை ஏறத்தாழ நூறாண்டு அறிஞர் பலரை ஆட்கொண்டிருந்தது. 1759இல் கஸ்பார் வொல்வ் கோழிக்கருவை ஆராய்ந்து அதனை மறுத்தார். 1827இல் வொன் பேயர் பாலூட்டிகளின் முட்டையைக் கண்டறிந்தார். 1876இல் ஹேர்ட்விக், கடல் முள்ளெலியின் முட்டையும் விந்தணுவும் ஒன்றுபடுதலை விளக்கினார். இதன் பின்னரே கருக்கட்டல் என்பது யாது என்பதில் ஐயம் நீங்கிற்று.

கிறீன் வைத்தியரின் தமிழ்நூல்கள்

இந்த விவாதத்தின் முடிபுகள் உருவாகிக்கொண்டிருந்த காலத்திலேயே, அமெரிக்க மிஷனைச் சேர்ந்த சாமுவேல் பிஸ்க் கிறீன் என்னும் வைத்தியர் 1847இல் யாழ்ப்பாணம் வந்தார். அவருக்கு அப்பொழுது வயது இருபத்தைந்து. அதே ஆண்டில் வியன்னாவில் செம்மல்வைஸ், பிரசவ விடுதியில் வைத்தியர்கள் கைகழுவினால் தாய்மாரின் காய்ச்சற் சாவு குறையும் என்று காட்டினார். எடின்பரோவில் சிம்சன், பிரசவ வேதனைக்குக் குளோரபோம் அளித்தார். மகப்பேற்று மருத்துவம் பழைமையினின்றும் விடுபடத் தொடங்கிய ஆண்டு அதுவெனலாம்.

கிறீன் மானிப்பாயில் வைத்தியசாலையும் மருத்துவ வகுப்பும் நடத்தினார். முதலிற் போதனை ஆங்கிலத்திலேயே நிகழ்ந்தது. அவ்வாறு கற்றோர் பலர் அரசாங்க உத்தியோகத்தையும் உயர்ந்த வேதனத்தையும் நாடி வெளியூர்களுக்குச் சென்றனர். கிராமத்து மக்கள் முன்போலவே வைத்தியரின்றி இருந்தனர். இதனைக் கண்ட கிறீன், தமிழிற் கற்றவனே தமிழ்க் கிராமத்தில் தங்குவான் எனத் தெளிந்து, 1860களில் தமிழ்வழியே மருத்துவம் போதிக்கலானார். அதற்கு நூல்கள் வேண்டப்பட்டன. அவரும் அவருடைய மாணவரும் மொழிபெயர்த்தும் திருத்தியும் வெளியிட்ட நூல்களின் நிரல் வியப்புக்குரியது. மோன்செல் என்பாரின் மகப்பேற்று நூல் 'பிரசவ வைத்தியம்' எனும் பெயரில் 1857இல் வெளிவந்தது. 'இரண வைத்தியம்' 1867இலும், 'மனுஷ அங்காதிபாதம்', 'வைத்தியாகரம்' என்பன 1872இலும், 'கெமிஸ்தம்' 1875இலும் வெளிவந்தன. டால்ரனின் உடற்றொழிலியல் நூல் 'மனுஷ சுகரணம்' என 1883இல் வந்தது. கரு உருவாகி வளரும் முறையை விரிவாகக் கூறும் பகுதி ஒன்று டால்ரனின் நூலில் உண்டு. கிறீன் 1873இல் தாயகம் மீண்ட பின்னரும், 1884இல் இறக்கும்வரை இப்பணியை விட்டாரல்லர். தமிழருக்கு மருத்துவ ஊழியராயிருந்தவர் என்று தம் கல்லறையிற் பொறிக்குமாறு அவர் வேண்டியிருந்தார்.

இந்நூல்களுக்குக் குறையில்லை எனல் பொருந்தாது. அங்காதிபாதம், சுகரணம் முதலிய சொற்கள் வடமொழிச் சார்பு மிக்கவை. பிற்காலத்தில் அவை வழக்கொழிந்தன. நோய்க்கிருமிக் கொள்கை நிலைபெறுவதற்கு முன் எழுந்தமையால் 'பிரசவ வைத்தியம்' விரைவிற் பழையதாயிற்று. ஆயினும் அதன் பெருங்கேடு நூலின் குறையால் வந்ததன்று. கிறீனுக்குப் பின் தமிழ்வழி மருத்துவக் கல்வி நிலைக்கவில்லை. 1870இற் கொழும்பில் நிறுவப்பட்ட மருத்துவக் கல்லூரி ஆங்கிலத்திலேயே போதித்தது. புதுப்பதிப்புகள் எழவில்லை. புதிய அறிவு ஆங்கிலம் கற்றோர் வசமாயிற்று. பிரசவ அறையில் தாயின் அருகிருந்த மருத்துவிச்சியோ பழைய அறிவோடு நின்றாள். அவள் அனுபவம் மிக்கவள். ஆனால் தொப்புட்கொடியை அறுக்கும் கருவி தூய்மையற்றதாயின் ஏற்புவலி வரும் என்பதை அவளுக்கு அவள் மொழியிற் சொல்வார் இலர்.

தாயிடம் சென்ற அறிவு

இருபதாம் நூற்றாண்டிற் கருவளர்ச்சி அறிவு விரைந்து பெருகியது. 1914இல் பால்ரிமோரிற் கார்ணகி நிறுவனத்தின் கருவியற் பிரிவு தொடங்கப்பட்டது. அங்குச் சேர்க்கப்பட்ட மனிதக் கருக்களைக் கொண்டு முதல் எட்டுக் கிழமைகளும் இருபத்துமூன்று படிகளாக வகுக்கப்பட்டன. எட்டாங் கிழமை முடிவில் முளையத்தின் நீளம் ஏறத்தாழ மூன்று சதமமீற்றரே. ஆயினும் முதன்மையான உறுப்புகள் யாவும் அதனுள் அமைந்துவிடுகின்றன. அதன்பின் முதிர்மூலவுரு எனப்படும் அது, பெரும்பாலும் வளர்தலையும் முதிர்தலையுமே செய்கின்றது. எனவே பெருங்கேடு விளையக்கூடிய காலம், தான் கருவுற்றிருத்தலைத் தாய் தெளிவாக அறியாத அந்தத் தொடக்கக் காலமே. கர்ப்பத் தொடக்கத்தில் தாய்க்கு ஜேர்மன் சின்னமுத்து காணின் மகவின் கண்ணும் இதயமும் பழுதுறும் என்று 1941இல் அவுஸ்திரேலிய வைத்தியர் கிரெக் காட்டினார். தலிடோமைட் என்னும் மருந்தை உட்கொண்ட தாய்மாருக்குக் கை கால் குறைந்த குழந்தைகள் பிறந்தமை 1961இல் வெளிப்பட்டது. முள்ளந்தண்டும் மூளையும் உருவாகும் நரம்புக்குழாய், கருக்கட்டி இருபத்தெட்டாம் நாளளவில் மூடிக்கொள்கின்றது. அது மூடாதொழியும் குறையைத் தடுக்கும் போலிக்கமிலம் கருவுறுமுன்னரே உட்கொள்ளப்பட வேண்டுவதும் இதனாலேயே. ஒவ்வொரு திங்களையும் ஓர் இடராக எண்ணிய மணிவாசகரின் நோக்கு, விவரத்தில் வேறாயினும் உணர்வில் இவ்வறிவுக்கு அயலானதன்று. 1958இல் கிளாஸ்கோவில் அயன் டொனால்டு கழியொலி கொண்டு கருவைக் காட்டினார். உயிருள்ள கரு முதன்முறையாகத் தாய்க்கு ஊறின்றிக் கண்ணுக்குப் புலனாயிற்று.

இக்கண்டுபிடிப்புகள் மட்டும் இலங்கைத் தாய்மாரைக் காத்தில. 1930களில் இந்நாட்டில் ஓரிலட்சம் உயிர்ப்பிறப்புகளுக்கு ஏறத்தாழ ஈராயிரம் தாய்மார் இறந்தனர். இந்நூற்றாண்டின் இரண்டாம் பத்தாண்டில் அத்தொகை முப்பது நாற்பது அளவிற்கு இறங்கியிருந்தது. 1926இற் களுத்துறையில் தொடங்கிய சுகாதாரப் பிரிவு முறை நாடெங்கும் பரவியமை, 1940களில் மலேரியா அடக்கப்பட்டமை, இலவச மருத்துவம், 1945இல் வந்த இலவசக் கல்வியாற் பெண்கள் எழுத்தறிவு பெற்றமை என்பன இதற்குக் காரணங்கள். இவற்றோடு சேர்த்தெண்ணத் தக்கவள், வீடு வீடாகச் செல்லும் பயிற்சி பெற்ற மருத்துவமாது. அவள் தாயின் மொழியிற் பேசினாள். அதனால் அவள் சொல் ஏற்கப்பட்டது. வடமராட்சியின் நீண்ட போர்க்காலத்திலும் பருத்தித்துறை வைத்தியசாலையிற் பிரசவங்கள் நின்றுபோகாமைக்கு அங்குள்ள ஊழியரோடு எல்லைகளற்ற வைத்தியர் அமைப்பினரும் உழைத்தனர்.

பாடசாலைக் கல்வி தமிழில் நிகழத் தொடங்கியபொழுது, கிறீன் தொடங்கிய பணி மற்றொரு வடிவில் மீண்டும் எழுந்தது. நுகம், அரும்பர்ச்சிறைப்பை, முளையம், சூல்வித்தகம், தொப்புள்நாண் என இலங்கைத் தமிழ் மாணவர் இன்று இயல்பாக வழங்கும் சொற்கள் அதன் பயன். சொற்கள் மாறின, நோக்கம் மாறவில்லை. உயர்ந்த அறிவு எம்மொழியில் தோன்றினும், அது உயிர் காப்பது தாயின் செவிக்கு எட்டும் மொழியிற் புகுந்த பின்னரே என்பதை மானிப்பாயில் எழுந்த 'பிரசவ வைத்தியம்' முதல் மந்திகையின் திரை வரையுள்ள ஒன்றரை நூற்றாண்டுக்கு மேற்பட்ட வரலாறு தெளிவுறுத்துகின்றது. ஒருமுறை எழுதப்பட்ட நூல் தலைமுறைதோறும் புதுக்கப்படாவிடின் அது ஏட்டுச் சுவடியாகிவிடும் என்பதும் அவ்வரலாறு புகட்டும் பாடமாகும்.