மீயொலித் தோலிறுக்கச் சிகிச்சை

மீயொலித் தோலிறுக்கச் சிகிச்சை என்பது, காதுக்கு எட்டாத உயர் அதிர்வெண் ஒலி அலைகளைத் தோலுக்கு அடியில் ஒரு புள்ளியில் குவித்து, அங்கே எழும் வெப்பத்தைக் கொண்டு தளர்ந்த முகத்தையும் கழுத்தையும் இறுக்கும் அழகியல் மருத்துவ முறையாகும். கத்தியும் தையலும் இல்லாததே இதன் ஈர்ப்பு. 'ஹைஃபு' என்ற சுருக்கப் பெயரும் 'அல்தெரபி' என்ற வணிகப் பெயரும் மக்களிடையே பரவலாக வழங்குகின்றன.

இதன் வேர் அழகு நிலையத்தில் இல்லை, போர்க்களத்தில் இருக்கிறது. 1880-இல் பியேர் கியூரியும் அவருடைய அண்ணன் ழாக் கியூரியும், குவார்ட்சு போன்ற படிகங்களை அழுத்தினால் மின்னூட்டம் பிறப்பதைக் கண்டறிந்தனர். மின்சாரம் செலுத்தினால் படிகம் அதிரும் என்பது அடுத்து உறுதியாயிற்று. முதல் உலகப் போரில் ஜெர்மானிய நீர்மூழ்கிகள் கப்பல்களை மூழ்கடித்துக்கொண்டிருந்தபோது, அவற்றை ஒலியால் தேட முனைந்த பிரெஞ்சு இயற்பியலர் பால் லாஞ்செவின் இந்தப் படிகங்களைக் கையில் எடுத்தார். தூலோன் துறைமுகச் சோதனைகளில் எதிர்பாராத ஒன்று நடந்தது. ஒலிக்கற்றையின் குறுக்கே நீந்திய சிறு மீன்கள் செத்து மிதந்தன. நீருக்குள் கை வைத்தவர்களுக்குச் சுரீரென்று வலித்தது. ஒலி உயிருள்ள திசுவைத் தாக்கும் என்பதற்குக் கிடைத்த முதல் சாட்சி அந்த மீன்கள்தாம்.

போர்க்காலத்தில் அந்தச் சோதனைகளை நேரில் பார்த்த அமெரிக்க இயற்பியலர் ராபர்ட் வுட், பின்னர் ஆல்ஃபிரட் லூமிஸுடன் சேர்ந்து அவற்றை விரிவாகத் தொடர்ந்தார். லூமிஸ் வால் ஸ்ட்ரீட்டில் பெரும் பணம் ஈட்டி, நியூயார்க் மாநிலத்து டக்சிடோ பார்க்கில் சொந்தச் செலவில் ஆய்வகம் நடத்திய செல்வந்தர். இருவரும் 1927-இல் வெளியிட்ட கட்டுரை, வலிய மீயொலி இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைப்பதையும் மீன், தவளை போன்ற சிற்றுயிர்களைக் கொல்வதையும் விவரித்தது. 1942-இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ஆய்வாளர் லின்னும் அவருடைய குழுவினரும் ஒருபடி மேலே சென்றனர். மாட்டு ஈரல் துண்டின் மீது வளைந்த படிகம் வழியாக ஒலியைக் குவித்தபோது, மேற்பரப்பு ஏறக்குறைய அப்படியே இருக்க, உள்ளே ஓரிடம் மட்டும் வெந்திருந்தது. மேலே தொடாமல் உள்ளே சுடுவதுதான் இன்றைய சிகிச்சையின் முழுத் தத்துவமும். 1950-களில் இல்லினாயில் ஃபிரை சகோதரர்கள் இதே வழியை மூளை நோய்களுக்குப் பயன்படுத்தினர். ஆனால் ஒலி உள்ளே செல்ல மண்டையோட்டு எலும்பை முதலில் அகற்ற வேண்டியிருந்தது. பிறகு கருப்பைக் கட்டி, புராஸ்டேட் சுரப்பி என்று பயன்பாடு விரிந்தது.

முகத்துக்கு இந்த முறை வந்தது மிகப் பிந்தியே. 1976-இல் மிட்ஸ், பெய்ரோனி என்னும் பிரெஞ்சு மருத்துவர்கள் முகத் தோலுக்கும் தசைகளுக்கும் இடையிலுள்ள நார்ப்படலத்தை விளக்கியிருந்தனர். முகத்தைத் தூக்கும் அறுவைச் சிகிச்சையில் இழுத்துக் கட்டப்படுவது இதுவே. கத்தியில்லாமல் இந்தப் படலத்தை எட்டும் நோக்கத்துடன் 2004-இல் அரிசோனாவில் அல்தெரா நிறுவனம் தொடங்கப்பட்டது. அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2009-இல் புருவத்தை உயர்த்தவும், 2012-இல் தாடைக்குக் கீழும் கழுத்திலும் உள்ள தோலைத் தூக்கவும், 2014-இல் மேல்மார்புச் சுருக்கங்களுக்கும் அந்நிறுவனத்தின் கருவிக்கு அனுமதி அளித்தது. 2010-இல் வெளியான ஆய்வில் 35 பேரில் 30 பேருக்குத் தொண்ணூறு நாளில் புருவம் உயர்ந்திருந்தது. சராசரி உயர்வு 1.7 மில்லிமீட்டர், ஏறத்தாழ ஒரு நாணயத்தின் தடிமன். விளம்பரப் படங்களில் காணும் மாற்றத்துக்கு முன்னால் இந்த எண்ணை வைத்துப் பார்ப்பது நல்லது.

கருவியின் கைப்பிடியில் பொருத்தும் முனைகள் பொதுவாக 4.5, 3.0, 1.5 மில்லிமீட்டர் ஆழங்களுக்கு உரியவை. முறையே நார்ப்படலம், அடித்தோலின் ஆழ்பகுதி, அதன் மேற்பகுதி ஆகியவை இலக்குகள். முகத்தில் கோடு வரைந்து, கூழ் பூசி, முனையை அழுத்திப் பிடித்து இயக்கினால், ஏறத்தாழ 25 மில்லிமீட்டர் நீளத்துக்கு ஒன்று, ஒன்றரை மில்லிமீட்டர் இடைவெளியில் நுண்புள்ளிகள் சுடப்படுகின்றன. ஒவ்வொன்றும் ஒரு கன மில்லிமீட்டருக்கும் குறைவு. வெப்பம் 60 முதல் 70 பாகை செல்சியஸ். அந்தச் சூட்டில் கொலாஜன் இழைகள் உடனே சுருங்குகின்றன. காயத்தை ஆற்ற உடல் புதுக் கொலாஜனை உண்டாக்குகிறது. ஆகவே பலன் மெல்ல, இரண்டு மூன்று மாதங்களில்தான் தெரியும். அதுவும் நிரந்தரமன்று, ஓராண்டு, ஒன்றரை ஆண்டில் தேய்ந்துவிடும்.

தளர்ச்சி இலேசாகவோ நடுத்தரமாகவோ உள்ளவர்களுக்கே இம்முறை பொருந்தும். கழுத்துத் தோல் மடிந்து தொங்குபவர்களுக்கு அறுவைச் சிகிச்சையே வழி. அவர்களிடம் ஹைஃபு விற்பது காசைக் கறப்பதாகவே முடியும். ஒட்டிய கன்னம் உடையவர்களும் ஒதுங்கி நிற்பதே மேல், ஏனெனில் தவறிய ஆழத்தில் விழும் சூடு உள்ள கொழுப்பையும் கரைத்து முகத்தை இன்னும் முதிர்ச்சியாகக் காட்டிவிடும். சிகிச்சைப் பகுதியில் ஆறாத புண்ணோ கடும் பருவோ இருப்பவர்கள், பேஸ்மேக்கர் போன்ற மின்கருவி பொருத்தியவர்கள், கர்ப்பிணிகள் ஆகியோருக்குச் செய்யக்கூடாது. கீலாய்டு தழும்பு ஏற்படும் உடல்வாகு, இரத்தம் உறையாமை, முகவாதம், முன்பு ஃபில்லர் ஊசி போட்டுக்கொண்டது ஆகியவற்றை மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

சிவப்பு, வீக்கம், தொட்டால் வலி, இலேசான மரத்துப்போதல் ஆகியவை வழக்கமானவை, தாமே அடங்கும். ஒலி தோலின் நிறமியைச் சார்ந்து வேலை செய்வதில்லை என்பதால் லேசரைவிட மாநிறத்தாருக்கும் கருநிறத்தாருக்கும் இது பாதுகாப்பானது. எனினும் கூழ் போதாமல் முனை சரியாக ஒட்டாவிட்டால் சூடு மேலேயே தங்கி, கோடு கோடாகத் தடிப்போ கொப்புளமோ தோன்றும். கருமை படியவும் கூடும். தாடை ஓரத்தில் ஓடும் முகநரம்புக் கிளை சுடப்பட்டால் சிரிக்கும்போது கீழுதடு ஒரு பக்கம் கோணும். இது பெரும்பாலும் சில வாரங்களிலோ மாதங்களிலோ சரியாகிறது. மிக மோசமான பாதிப்பு கண்ணில் நேர்வது. இமையின் மேல் வைத்து இயக்கினால் குவிந்த சூடு கண்வில்லையை எட்டும். அதனால் கண்புரை வந்தவர்கள் உண்டு. கண்குழி எலும்பின் விளிம்பைத் தாண்டக்கூடாது என்ற விதி இதனாலேயே. தோலடுக்குகளைத் திரையில் காட்டும் கருவிகளும் காட்டாதவையும் சந்தையில் உள்ளன. பார்த்துச் சுடுவதே பாதுகாப்பு.

விபத்துகள் குவிந்த நாடு ஜப்பான். அங்கே அழகு நிலையப் பணியாளர்கள் இக்கருவியை இயக்கியதோடு, அறைக்குள் சென்று வாடிக்கையாளரே தம் முகத்தில் இயக்கிக்கொள்ளும் கடைகளும் இருந்தன. இவ்விபத்துகள் குறித்து நுகர்வோர் பாதுகாப்பு விசாரணைக் குழு 2023-இல் அறிக்கை அளித்தது. 2024 ஜூனில் சுகாதார அமைச்சகம் இது மருத்துவச் செயல் என்றும், மருத்துவர் அல்லாதார் செய்வது சட்டமீறல் என்றும் அறிவித்தது. இந்தியாவில் தேசிய மருத்துவ ஆணையத்தின் 2022 வழிகாட்டுதல், பயிற்சி பெற்ற பதிவு மருத்துவர்களே அழகியல் சிகிச்சைகளைச் செய்யலாம் என்கிறது. பயிலரங்கிலோ யூடியூபிலோ பார்ப்பது பயிற்சியாகாது என்றும் வெளிப்படையாகக் கூறுகிறது.

தற்போது கொரியத் தயாரிப்புகளான அல்ட்ராஃபார்மர், டப்ளோ முதலியனவும், ஒலியை ஒரு புள்ளியில் குவிக்காமல் அடித்தோலில் பரவலாகச் சூடேற்றும் சோஃப்வேவும் புழக்கத்தில் உள்ளன.