சுரங்கத் தொழிலாளியின் மகள்



ஸ்பெயின் நாட்டின் வடகரையில், நிலக்கரிச் சுரங்கங்கள் நிறைந்திருந்த அஸ்தூரியாஸ் என்றொரு வட்டாரம் இருக்கிறது. அந்த வட்டாரத்து மக்கள் 1936-ஆம் ஆண்டில் ஒரு பெண்ணை நாடாளுமன்றத்துக்குத் தேர்ந்தெடுத்து அனுப்பினார்கள். 41 ஆண்டுகள் கழித்து, 1977-இல், அதே பெண்ணை மறுபடியும் அனுப்பினார்கள். இடையில் 38 ஆண்டுகள் அவர் தாய்நாட்டு மண்ணில் வாழவே இல்லை. கண்ணில் படாத ஒருவரை மக்கள் எப்படி மறக்காமல் வைத்திருந்தார்கள்? இன்று நாம் அந்தக் கதையைப் பார்ப்போம்.

அவர் பெயர் டொலோரெஸ் இபாருரி. 1895-ஆம் ஆண்டு, பாஸ்க் வட்டாரத்தில் கயார்தா என்னும் ஊரில் பிறந்தார். தந்தை இரும்புச் சுரங்கத் தொழிலாளி. வீட்டில் 11 பிள்ளைகள், இவர் எட்டாவது. அங்கே வெட்டியெடுத்த இரும்புத் தாதுவில் பெரும்பகுதி கப்பலேறி இங்கிலாந்துக்குப் போயிற்று. சுரங்கத்தார் காட்டிய கொட்டகையில்தான் தொழிலாளி தங்க வேண்டும், அவர்கள் சொன்ன கடையில்தான் சாமான் வாங்க வேண்டும் என்ற கட்டாயம் அந்த வட்டாரத்தில் நெடுங்காலம் இருந்தது. சம்பளம் கைக்கு வருமுன்பே கடைக் கணக்கில் கழிந்துவிடும். பற்றுப் புத்தகத்தைப் பற்றி நம் தாத்தா பாட்டிமார் சொல்லக் கேட்டவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. 1890-இல் சுரங்கத் தொழிலாளர் பெரிய வேலைநிறுத்தம் செய்தார்கள். அதன் பிறகுதான் அந்தக் கட்டாயத்தை நீக்கும் உடன்பாடு ஏற்பட்டது. டொலோரெஸ் பிறப்பதற்கு ஐந்தாண்டுகளுக்கு முன் நடந்தது இது.

சிறுமி டொலோரெஸ் நன்றாகப் படித்தார். ஆசிரியை ஆக வேண்டும் என்பது அவர் ஆசை. பள்ளி ஆசிரியையும் ஊக்கம் கொடுத்தார். பயிற்சிக்கான ஆயத்த வகுப்பிலும் சேர்ந்தார். ஆனால் மேற்கொண்டு படிக்கவைக்க வீட்டில் பணம் இல்லை. தையல் வேலைக்குப் போனார். பிறகு பிறர் வீட்டில் பணிப்பெண்ணாக இருந்தார். நாம் இந்த இடத்தில் சற்று நின்றுதான் போக வேண்டியிருக்கிறது. தோட்டப்பள்ளியில் இத்தனை ஆண்டு பாடம் நடத்தியதில், “பொம்பளைப் பிள்ளைக்கு ஆறாம் வகுப்பு போதும் சார், தம்பியைப் பார்த்துக்க ஆள் வேணும்” என்று தயங்கித் தயங்கிச் சொன்ன தகப்பனார்களை நாம் அறிவோம். அவர்கள் கல்நெஞ்சக்காரர்கள் அல்லர். டொலோரெஸின் பெற்றோரும் அப்படித்தான்.

1916-இல் அவர் ஒரு சுரங்கத் தொழிலாளியை மணந்தார். மறு ஆண்டு நடந்த பொது வேலைநிறுத்தத்தில் கணவர் சிறை சென்றார். ஆறு பிள்ளைகள் பிறந்தார்கள். அவர்களில் நான்கு பெண் குழந்தைகள் சிறு வயதிலேயே இறந்துபோனார்கள். வறுமைதான் காரணம். மருந்துக்கும் பாலுக்கும் வழியில்லாத வீட்டில் நான்கு குழந்தைகளை அடக்கம் செய்த தாய், பிற்காலத்தில் மேடையில் பேசும்போது கூட்டம் ஏன் அடங்கிக் கேட்டது என்பது நமக்குப் புரிகிறது.

1918-இல் சுரங்கத் தொழிலாளர் இதழ் ஒன்றில் “பாஸியோனாரியா” என்ற புனைபெயரில் எழுதத் தொடங்கினார். அது ஒரு பூவின் பெயர். பிறகு பொதுவுடைமைக் கட்சியில் சேர்ந்து, 1931-இல் தலைநகர் மாட்ரிட்டுக்குக் கட்சிப் பத்திரிகை வேலைக்கு வந்தார். பலமுறை சிறை சென்றார்.

1934 அக்டோபரில் அஸ்தூரியாஸ் சுரங்கத் தொழிலாளர் கிளர்ந்தெழுந்தார்கள். அரசு இராணுவத்தை அனுப்பி அடக்கியது. ஆயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டார்கள். பல்லாயிரம் பேர் சிறைப்பட்டார்கள். வீடுகளில் பிள்ளைகள் பட்டினி. டொலோரெஸ் வேறு சில பெண்களுடன் அங்கே போய், நூற்றுக்கு மேற்பட்ட பிள்ளைகளை மாட்ரிட்டுக்கு அழைத்துவர ஏற்பாடு செய்தார். அதற்காக அவரையும் பிடித்துச் சில நாள் அடைத்தார்கள்.

1936 பிப்ரவரித் தேர்தலில் அஸ்தூரியாஸ் அவரைத் தேர்ந்தெடுத்தது. 470-க்கும் மேற்பட்ட உறுப்பினர்கள் கொண்ட அந்த மன்றத்தில் பெண்கள் ஐந்தே பேர். உறுப்பினரானதும் ஒவியேடோ நகரச் சிறைக்குப் போய், 1934-இல் அடைபட்டவர்களை விடுவிக்கும்படி வாதாடினார். கதவு திறந்தது. சுரங்க வேலைநிறுத்தக்காரர் பக்கம் நின்றார். மாட்ரிட் புறநகரில் குடியிருப்பிலிருந்து வெளியேற்றப்பட்ட ஏழைகள் பக்கமும் நின்றார்.

ஐந்தே மாதம். ஜூலையில் இராணுவத் தளபதிகள் கலகம் செய்ய, உள்நாட்டுப் போர் மூண்டது. ஜூலை 19-இல் அவர் வானொலியில் பேசினார். “அவர்களைக் கடந்துவர விடமாட்டோம்” என்ற முழக்கம் அன்று வானொலி வழியாக நாடெங்கும் பரவியது. ஆனால் 1939 மார்ச்சில் தளபதி ஃபிராங்கோவின் படை மாட்ரிட்டுக்குள் வந்தேவிட்டது. டொலோரெஸ் அதற்குச் சில வாரங்களுக்கு முன் நாட்டைவிட்டு வெளியேறி, சோவியத் நாட்டில் தஞ்சம் புகுந்தார். அவருடைய ஒரே மகன் ரூபென் 1942-இல் ஸ்டாலின்கிராட் போரில் உயிரிழந்தான். வயது 22.

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். 1942 முதல் 1960 வரை கட்சியின் பொதுச் செயலாளராக இருந்த அவர், ஸ்டாலினைப் புகழ்ந்து பேசியவர். மாற்றுக் கருத்துடைய தோழர்களைக் கடுமையாகச் சாடியவர். அந்நாட்டுச் சிறைகளில் வாடியவர்களுக்காக அவர் குரல் எழும்பவில்லை. ஒவியேடோ சிறைக் கதவைத் திறக்கச் செய்தவர் என்பதால் இது நமக்கு இன்னும் உறுத்துகிறது. 1968-இல் செக்கோஸ்லோவாக்கியாவுக்குள் சோவியத் படை நுழைந்தபோது அவருடைய கட்சி கண்டித்தது. அவரும் அதை ஏற்கவில்லை.

1975-இல் ஃபிராங்கோ இறந்தார். 1977 ஏப்ரலில் கட்சி மீதான தடை நீங்கியது. மே மாதம் டொலோரெஸ் நாடு திரும்பினார். ஜூன் 15-இல் தேர்தல். அஸ்தூரியாஸ் மறுபடியும் அவர் பெயருக்கு வாக்களித்தது. ஒவியேடோ சிறைவாசலில் அவரைக் கண்ட இளைஞர்கள் அப்போது தாத்தாக்கள் ஆகியிருந்தார்கள். ஜூலையில் மன்றம் கூடியபோது, 81 வயது டொலோரெஸும் கவிஞர் ரஃபேல் அல்பெர்த்தியும் மன்றத்துப் படிகளில் ஒருவர் கையை ஒருவர் பிடித்தபடி இறங்கிவந்தார்கள். அந்தப் படம் உலகெங்கும் பத்திரிகைகளில் வெளிவந்தது. இம்முறை அவர் அதிகம் பேசவில்லை, உடல் தளர்ந்திருந்தது. 1979-இல் மீண்டும் போட்டியிடவில்லை. 1989 நவம்பர் 12-இல், 93 வயதில், மாட்ரிட்டில் காலமானார்.

அவர் பிறந்த பழைய கயார்தா ஊர் இன்று இல்லை. தாது எடுக்க எடுக்கச் சுரங்கம் அகன்று, வீடுகள் இடிக்கப்பட்டு, மக்கள் பக்கத்து இடத்துக்குக் குடிபெயர்ந்தார்கள். 1993-இல் அந்தச் சுரங்கத்தையும் மூடிவிட்டார்கள். புதிய கயார்தாவில் இப்போது ஒரு சுரங்க அருங்காட்சியகம் இருக்கிறது. பழைய ஊர் இருந்த இடத்தில் பெரிய பள்ளம் இருக்கிறது.