குதிரை தந்த ஊரும் குதிரை காத்தலும்

தென்பெண்ணைக் கரையிலுள்ள திருக்கோவிலூரைத் தலைநகராகக் கொண்டு ஆண்டவன் மலையமான் திருமுடிக்காரி. கடையெழு வள்ளல்களில் ஒருவன். அவன் ஏறிய குதிரைக்கும் காரி என்றே பெயர். மணி பூட்டிய, வெண்பிடரிக் குதிரைகளை அவன் இன்சொல்லோடு இரவலர்க்கு வழங்கியதைச் சிறுபாணாற்றுப்படை போற்றுகிறது.

குதிரைகள் கடல்வழியே வந்திறங்கியதைப் பட்டினப்பாலை சொல்கிறது. வரவழைத்த அளவுக்குப் பராமரிப்பு வளரவில்லை. இதுவே தமிழகக் குதிரை வரலாற்றின் பெருந்துயரம். 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டுக்கு வந்த மார்க்கோ போலோ, மன்னர் ஆண்டுக்கு 2,000-க்கு மேல் குதிரை வாங்கியும் ஆண்டு முடிவில் 100 கூட மிஞ்சுவதில்லை என்று எழுதினார். சோற்றோடு வேகவைத்த இறைச்சியைத் தீனியாகப் போட்டார்கள். லாடம் கட்டவும் வைத்தியம் பார்க்கவும் ஆளில்லை. விற்பனை குறையக் கூடாதென்று அத்தகையோரை வணிகர்கள் வரவிடவுமில்லை என்கிறார். அத்தனை உயிர்களும் அறியாமைக்கும் பேராசைக்கும் பலியாயின.

கைவிடப்பட்ட விலங்குகளைக் காக்கும் பணி அமைப்பாக உருவெடுத்தது மிகப் பிற்பாடுதான். கேப்டன் சுந்தரம் 1959இல் சென்னையில் புளூ கிராஸைத் தொடங்கினார். 1960இல் விலங்குவதைத் தடுப்புச் சட்டம் வந்தது. இன்று நீலகிரியில் மசினகுடி அருகே மாவனல்லாவிலுள்ள ஐபன் பண்ணை, கைவிடப்பட்ட குதிரைகளுக்கும் கழுதைகளுக்கும் அடைக்கலம் தருகிறது. தன்னார்வலர்களும் அங்கே சென்று உதவுகிறார்கள்.