பீப்பாயும் தவறணையும்

போர்த்துக்கேயர் தமிழுக்கு விட்டுப்போன சொற்களில் இரண்டு, குடியோடு சம்பந்தப்பட்டவை. ஒன்று பீப்பாய். 'பிப்பா' என்ற அவர்களுடைய சொல்லிலிருந்து வந்தது. போர்ட் என்னும் இனிப்பு வைன் முதிரும் பெரிய மரப்பீப்பாய்க்கு போர்த்துக்கல்லில் இன்றைக்கும் அதே பெயர்தான். ஒன்றில் 550 லீட்டர் அளவில் பிடிக்கும். மற்றது தவறணை, அதாவது 'டவெர்னா'. மாத்தளைத் தோட்டங்களில் வளர்ந்த யாருக்கும் இந்தச் சொல்லை விளக்கத் தேவையில்லை.

இந்த இரண்டையும் சேர்த்து யோசிக்க வைத்தது ஒரு போத்தல். வெளிநாட்டிலிருந்து வந்த நண்பர் ஒருவர் மாத்தளைக்குக் கொண்டுவந்த ஸ்கொட்லாந்து விஸ்கி. போர்ட் பீப்பாயில் முதிர்ந்தது. முளைகட்டிய பார்லியை, சதுப்பு நிலத்திலிருந்து வெட்டியெடுத்துக் காயவைத்த 'பீட்' கட்டிகளை எரித்து, அந்தப் புகையில் உலர்த்துகிறார்கள். ஆகவே முதல் வாயில் புகைதான் வருகிறது. லயத்து அடுப்படி, சுட்ட கருவாடு, கொஞ்சம் டிஸ்பென்சரி வாசம். "இதுக்கா இவ்வளவு காசு?" என்று ஒருவர் கேட்டேவிட்டார். சற்றுப் பொறுத்தால் அடியிலிருந்து உலர்ந்த திராட்சை வருகிறது, அதற்குப் பின்னால் கித்துள் பாணி மாதிரி ஒரு கருத்த இனிப்பு. சும்மா சொல்லக்கூடாது, நன்றாகத்தான் இருந்தது.

அந்த இனிப்பு பீப்பாயின் பரிசு. ஆனால் யாரும் ருசிக்காகத் திட்டமிட்டு இதைத் தொடங்கவில்லை. ஸ்பெயினிலிருந்தும் போர்த்துக்கல்லிலிருந்தும் வைன் பீப்பாயோடுதான் பிரித்தானியாவுக்குக் கப்பலேறியது. வெறும் பீப்பாயைத் திருப்பி அனுப்புவது வீண்செலவு. விஸ்கிக்காரர்கள் மலிவாக வாங்கி நிரப்பினார்கள். சிக்கனத்துக்காகச் செய்தது பின்னால் சுவையாகிவிட்டது.

நம்முடைய தென்னஞ் சாராயத்துக்கும் இப்படி ஒரு மரம் உண்டு. சிங்களத்தில் ஹல்மில்ல, ஆங்கிலேயர் 'திருகோணமலை மரம்' என்றார்கள். நல்ல சாராயம் அந்த மரத்தொட்டிகளில் வருடக்கணக்கில் கிடந்து நிறமும் மணமும் பெறுகிறது. ஆனால் அதைக் குவளையில் சுழற்றி மணம் பிடிப்பவர்களை மாத்தளையில் நாங்கள் பார்த்ததில்லை. இங்கே சாராயம் வந்த வழி வேறு.

1830களிலும் 40களிலும் மாத்தளை மலைகளில் காடு அழிந்து கோப்பி ஏறியது. வேலைக்குத் தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்கள் மன்னார்க் கரையில் இறங்கி, வடக்குப் பாதையில் தம்புள்ளை வழியாக நாட்கணக்கில் நடந்து மாத்தளையை அடைந்தார்கள். வழியில் காய்ச்சலிலும் கொலராவிலும் விழுந்தவர்கள் ஏராளம். மாத்தளைக்கு ரயில் வந்தது 1880இல்தான். ஆனால் தவறணை அதற்கு வெகு முன்பே வந்துவிட்டது. கண்டி நாட்டு மக்களுக்குக் கித்துள் கள் பழக்கம்தான்; உரிமம் பெற்ற தவறணைகளை மலைநாட்டில் பெருக்கியது ஆங்கிலேய அரசு.

ஏற்பாடு எளிமையானது. ஒரு பிரதேசத்தில் சாராயம் விற்கும் உரிமையை அரசு ஏலம் போடும். அதிகம் கேட்டவர் குத்தகைக்காரர். கொடுத்த பணத்தை எடுக்க வேண்டுமென்றால், கூலிக்காசு புழங்கும் இடத்தின் பக்கத்திலேயே தவறணை இருக்க வேண்டும். அரசுக்குப் பெரிய வருமானம், குத்தகைக்காரருக்கு அதைவிடவும். மொறட்டுவை ஜெரோனிஸ் டி சொய்சா சாராயக் குத்தகையில் சேர்த்த பணத்தில் 1837இல் ஹங்குராங்கெத்தவில் கோப்பித் தோட்டம் வாங்கினார். 1870இல் அவருடைய மகன் சார்ள்ஸ், எடின்பரோ கோமகனுக்குத் தங்கத் தட்டில் விருந்து வைத்தார். குமாரி ஜயவர்தனவின் ஆய்வு, இலங்கை முதலாளி வர்க்கத்தின் தொடக்க மூலதனத்தில் சாராயத்தின் பங்கை விரிவாகக் காட்டுகிறது. 1904இலும் 1912இலும் மதுவிலக்கு இயக்கம் எழுந்தபோது அதன் முன்வரிசையில் நின்ற சிலருடைய குடும்பச் சொத்தும் இதே வழியில் வந்ததுதான்!

தங்கத் தட்டுக்காரர் வரலாற்றில் கொடையாளி ஆனார். தட்டுக்குக் காசு கொடுத்தவன் 'குடிகாரக் கூலி' ஆனான். எங்களுக்கு எரிச்சல் இங்கேதான். மழையிலும் அட்டைக்கடியிலும் நாள் முழுக்க நின்றவனுக்குச் சாயங்காலம் திறந்திருந்த கதவு தவறணை ஒன்றுதான் என்பதை யாரும் எழுதிவைக்கவில்லை. அதற்காகக் குடியை நியாயப்படுத்தவும் எங்களால் முடியாது. சம்பளநாள் இரவில் லயத்துக் காம்பராவில் அடிவாங்கிய பெண்கள் எங்கள் பாட்டிமார். வீட்டில் அரிசிக்கு எடுத்துவைத்த காசு எங்கே போனதென்று அவர்களுக்குத் தெரியும்.

இன்றைக்கு வரி ஏற ஏறச் சட்டபூர்வமான சாராயம் நாட்சம்பளத்துக்கு எட்டாத தூரம் போய்விட்டது. 2022 நெருக்கடிக்குப் பிறகு இன்னும் மோசம். அந்த இடத்தைக் கசிப்பு பிடித்திருக்கிறது. அதற்கு மரமும் இல்லை, வருடமும் இல்லை. சீனியும் ஈஸ்ட்டும் போட்ட கோடா சில நாளில் புளிக்கும். வடித்த சூட்டோடு போத்தலில் ஊற்றி விற்றுவிடுகிறார்கள்.