பெட்ரோலும் அதன் ஆவியும்

மோட்டார் வண்டியின் வரலாற்றைக் கூறுவோர் எஞ்சினின் ஆற்றலையும் சக்கரங்களின் வேகத்தையுமே பெரிதாகப் பேசுவர். தொட்டியிலுள்ள பெட்ரோலை எஞ்சினுக்குக் கொண்டு சேர்க்க மனிதர் பட்ட பாடும், அதன் ஆவி காற்றில் கலவாதபடி தடுக்க அவர்கள் மேற்கொண்ட முயற்சியும் அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. ஆயினும் அது, டில்லியிலும் பம்பாயிலும் கல்கத்தாவிலும் வாழும் நாம் அன்றாடம் சுவாசிக்கும் காற்றைப் பற்றிய வரலாறேயாகும்.

பெட்ரோல் திரவமாக இருக்கும்வரை எஞ்சினுக்குப் பயன்படாது. அது ஆவியாகி, எடையில் ஏறத்தாழ 15 மடங்கு காற்றுடன் கலந்தால்தான் சீராக எரியும். ஜெர்மானியரான கார்ல் பென்ஸ் 1886-இல் காப்புரிமை பெற்ற வண்டியில் இதற்கென அமைந்திருந்த ஏற்பாடு மிக எளியது. எரிபொருளின் மேற்பரப்பைத் தழுவிச் சென்ற காற்று, அங்கெழுந்த ஆவியை ஏந்திச் சென்றது. 1888 ஆகஸ்டில் அவருடைய மனைவி பெர்த்தா பென்ஸ், கணவருக்குத் தெரிவிக்காமலே, தம் இரு மைந்தர்களுடன் அவ்வகை வண்டியில் ஏறத்தாழ 100 கிலோமீட்டர் பயணம் செய்தார். வழியில் வீஸ்லோக் என்னும் ஊரின் மருந்துக் கடையில், கறை போக்கப் பயன்பட்ட லிக்ராயின் என்னும் திரவத்தை வாங்கி எரிபொருளாக ஊற்றினார். எரிபொருட் குழாய் அடைபட்டபோது தம் தொப்பி ஊசியால் குத்திச் சரிசெய்தார். உலகின் முதல் பெட்ரோல் நிலையம் ஒரு மருந்துக் கடையே எனலாம்.

மேற்பரப்பு முறையில் ஒரு குறை இருந்தது. எளிதில் ஆவியாகும் பகுதி முதலில் போய்விடும். கனத்த பகுதி அடியில் தங்கிவிடும். 1893-இல் ஜெர்மனியில் வில்ஹெல்ம் மைபாக்கும், அதே ஆண்டில் ஹங்கேரியில் பாங்கி, சோங்கா என்னும் இருவரும் இதற்கு மாற்று கண்டனர். குறுகிய குழாயில் காற்று விரைந்து செல்கையில் அங்கு அழுத்தம் குறைகிறது. அவ்விடத்தில் நுண்ணிய துளையொன்றை வைத்தால் பெட்ரோல் தானே மேலெழுந்து தூவானமாகச் சிதறும். இதுவே கார்புரேட்டர். அதன் சிறு கிண்ணத்தில் மிதக்கும் மிதவை, தண்ணீர்த் தொட்டியின் மிதவையைப் போலவே, பெட்ரோலின் மட்டத்தை ஒரே நிலையில் வைத்திருக்கும்.

கார்புரேட்டருக்குப் பெட்ரோலைக் கொண்டு சேர்ப்பது அடுத்த சிக்கல். 1908-இல் வெளிவந்த ஃபோர்டு ‘மாடல் டி’ வண்டியில் பெட்ரோல் தன் எடையாலேயே கீழிறங்கியது. தொட்டியில் பெட்ரோல் குறைந்திருக்கும்போது செங்குத்தான மேட்டில் ஏற நேர்ந்தால், வண்டியைத் திருப்பிப் பின்னோக்கியே ஏற்ற வேண்டியிருந்தது. பின்னர் எஞ்சினே இயக்கும் சவ்வுப் பம்பு வந்து அத்துன்பத்தைத் தீர்த்தது.

நம் நாட்டில் நெடுங்காலம் ஓடிய அம்பாசடர், ஃபியட் வண்டிகள் இவ்வகையைச் சேர்ந்தவையே. வடநாட்டுக் குளிர்காலக் காலையில் ஓட்டுநர் ‘சோக்’ குமிழை இழுத்ததை நம்மில் பலர் கண்டிருப்போம். குளிரில் பெட்ரோல் சரியாக ஆவியாவதில்லை. ஆதலின் காற்றைக் குறைத்துக் கலவையைச் செறிவாக்கினார். கோடையிலோ நேர்மாறான தொல்லை. எஞ்சினின் வெப்பத்தால் குழாயிலேயே பெட்ரோல் ஆவியாகி வழியை அடைக்கும், வண்டி நின்றுவிடும். ஓட்டுநர் பம்பின்மேல் ஈரத்துணி சுற்றிக் காத்திருப்பார்.

ஓட்டுநரைத் தடுத்த ஆவி கண்ணுக்குத் தெரிந்த தொல்லை. தொட்டியிலிருந்தும் கார்புரேட்டரிலிருந்தும் இரவும் பகலும் வெளியேறிய ஆவியை எவரும் பொருட்படுத்தவில்லை. 1943-இல் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரைக் கண்ணெரியும் புகைமூட்டம் சூழ்ந்தபோது, பகைவர் நச்சுவாயுவை ஏவினரோ என மக்கள் அஞ்சினர். அன்னாசிப் பழத்தின் நறுமணத்தை ஆராய்ந்து கொண்டிருந்த ஆரி ஹாகன்-ஸ்மிட் என்னும் அறிஞர், 1950-களின் தொடக்கத்தில் உண்மையை வெளிப்படுத்தினார். எரியாத பெட்ரோல் ஆவியும் நைட்ரஜன் ஆக்சைடுகளும் வெயிலில் வினைபுரிந்து ஓசோன் முதலிய நச்சுகளை உண்டாக்குகின்றன என்றார். எண்ணெய்த் தொழிலார் எளிதில் ஒப்பவில்லை. அவர் மேலும் ஆராய்ந்து தம் முடிவை நிலைநாட்டினார்.

அதன் பயனாக, ஆவியைத் தடுக்கும் அமைப்பு 1970-ஆம் ஆண்டு மாதிரி வண்டிகளில் கலிஃபோர்னியாவிலும், அடுத்த ஆண்டு மாதிரிகளில் அமெரிக்கா முழுவதிலும் கட்டாயமாயிற்று. அதன் உயிர்நாடி கரி நிறைந்த ஒரு சிறு பெட்டி. வண்டி நிற்கும்போது எழும் ஆவியை நுண்துளைகள் நிறைந்த கரி பற்றி வைத்துக்கொள்ளும். எஞ்சின் ஓடும்போது வெளிக்காற்று அதனூடே இழுக்கப்பட்டு, ஆவி எஞ்சினுள் சென்று எரியும். காற்றைக் கெடுத்தது வண்டியை இழுக்கலாயிற்று.

மின்னணு முறையில் அளந்து பெட்ரோலைப் பீய்ச்சும் கருவியை 1967-இல் பாஷ் நிறுவனம் ஃபோக்ஸ்வாகன் வண்டிகளில் அறிமுகம் செய்தது. கார்புரேட்டர் படிப்படியாக மறைந்தது. நம் நாட்டில் 2017-இல் நாடெங்கும் வந்த பாரத் ஸ்டேஜ் 4 விதிகளால் மோட்டார் சைக்கிள்களும் கரிப்பெட்டி பெற்றன. 2020 ஏப்ரலில் வந்த ஆறாம் நிலை விதிகளுக்குப் பின் புதிய இரு சக்கர வண்டிகளில் பெரும்பாலானவற்றில் பீய்ச்சும் கருவியே இடம்பெற்றது.

எஞ்சியிருப்பது பெட்ரோல் நிலையம். தொட்டியில் ஒரு லிட்டர் பெட்ரோல் இறங்கினால், ஏறத்தாழ ஒரு லிட்டர் ஆவி கலந்த காற்று வெளியேறும். அதிலுள்ள பென்சீன் புற்றுநோயை உண்டாக்க வல்லது. நாம் அங்கே நிற்பது சில நிமிடங்கள். குழாயைப் பிடித்து நிற்கும் இளைஞரோ நாள் முழுவதும் அதைச் சுவாசிக்கிறார். அவ்வாவியைத் திரும்ப உறிஞ்சும் கருவியை, மிகுதியாக விற்கும் புதிய நிலையங்களில் அமைக்க வேண்டுமென மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2020-இல் நெறிமுறை வகுத்தது.

நம் பங்கும் சிறிது உண்டு. குழாய் தானே நின்றபின் மேலும் நிரப்பச் சொல்லலாகாது. மிகுந்த பெட்ரோல் கரிப்பெட்டியை அடைந்தால் அது பழுதாகும். தொட்டியின் மூடியை இறுக மூடுதலும் வேண்டும். பிழைப்பை நாடி நாம் வந்து சேர்ந்த இந்நகரங்களின் காற்று, நமக்கும் நம் மக்களுக்கும் அந்த இளைஞருக்கும் பொதுவானதன்றோ?