வல்லாரையும் நீர்ப்பிரமியும்: மயக்க மருந்துக்குப் பிந்தைய நினைவுக் காப்பு குறித்த வரலாற்று நோக்கு

முன்னுரை

சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை வட்டாரப் பட்டாசு ஆலை விபத்துகளில் கடும் தீக்காயமுற்றோர் பலருக்குச் சிகிச்சை ஓர் அறுவையோடு முடிவதில்லை. புண் தூய்மை, தோல் ஒட்டு, தழும்புச் சுருக்க நீக்கம் எனப் பலமுறை அவர்கள் மயக்க மருந்து பெறுகின்றனர். வல்லாரை நினைவாற்றல் தரும் என்பது தமிழகத்தில் பரவலான நம்பிக்கை. அதனை மயக்கத்திற்குப் பின் வரும் மறதிக்கும் நீட்டலாமா என இக்கட்டுரை ஆராய்கிறது.

இரு வரலாறுகள்

சரக சங்கிதை மண்டூகபர்ணி, அதிமதுரம், சீந்தில், சங்கபுஷ்பி ஆகிய நான்கினை அறிவு வளர்க்கும் மருந்துகளாகக் கூறுகிறது. மண்டூகபர்ணி வல்லாரையே என்பர். பிராமி என்னும் பெயர் வல்லாரைக்கும் நீர்ப்பிரமிக்கும் வழங்கியமையால் இவ்விரு மூலிகைகளும் ஒன்றாகக் கருதப்பட்டன. இலக்னோவிலுள்ள மத்திய மருந்து ஆராய்ச்சி நிறுவனம் நினைவாற்றல் தொடர்பாக விரிவாக ஆராய்ந்ததோ நீர்ப்பிரமியின் பேக்கோசைடுகளை.

ஈதர் மயக்கம் 1846 அக்டோபர் 16இல் பாஸ்டனில் பொதுவில் செய்து காட்டப்பட்ட பின்னரே உலகெங்கும் பரவியது. எனவே பழைய நூல்கள் கூறும் பயன் இம்மறதியைக் கருதியதன்று. 1955இல் பெட்ஃபோர்ட் முதியோரிடம் இதனைச் சுட்டினார். 1998இல் வெளியான பன்னாட்டு ஆய்வு, அறுவை பெற்ற 60 வயதினர், அதற்கு மேற்பட்டோரில் ஒரு வாரத்தில் 25.8 விழுக்காட்டினரிடமும், மூன்று மாதங்களில் 9.9 விழுக்காட்டினரிடமும் அறிவாற்றல் குறைவைக் கண்டது. பட்டாசுத் தொழிலாளருள் பலர் இளையோர். ஆதலின் இவ்வளவுகளை அவர்களுக்கு அப்படியே பொருத்த இயலாது.

சான்றும் காலமும்

டயசிபாம் விளைத்த மறதியை நீர்ப்பிரமி குறைப்பதாகச் சுண்டெலி ஆய்வு 2008இல் காட்டியது. 2001இல் வெளியான ஆஸ்திரேலிய ஆய்வில், நாள்தோறும் 300 மில்லிகிராம் உட்கொண்ட நலமுள்ளோரிடம் பயன் 12ஆம் வாரத்திலேயே மிகுதியாகத் தெரிந்தது. விபத்தோ முன்னறிவிப்பின்றி நிகழ்வது. முதல் அறுவைக்கு முன் அக்கால இடைவெளி கிடைக்காது. பின்னர்த் திட்டமிட்டுச் செய்யும் அறுவைகளில் மட்டுமே அது கிடைக்கும். அங்கும் மூலிகை மருந்துகளை இரு வாரங்களுக்கு முன்பே நிறுத்துமாறு மயக்கவியலார் பொதுவாக அறிவுறுத்துகின்றனர்.

முடிவுரை

எலிச் சான்றும் நலமுள்ளோர் சான்றும் தீக்காய நோயாளருக்கான சான்றாகா. பலமுறை மயக்கம் பெறும் இளந்தொழிலாளரிடமே ஆய்வு நிகழ்தல் வேண்டும். அதுவரை, உட்கொள்ளும் மூலிகையை மயக்க மருத்துவரிடம் மறைக்காது கூறுதலே நோயாளருக்குப் பாதுகாப்பாகும்.