விண்மீன் ஒளியின் ஒட்டுறவும் தமிழ்நாட்டு அறிவியல் வரலாறும்

முன்னுரை

ஒளிச்செறிவு ஒட்டுறவைக் கொண்டு விண்மீன்களின் கோணவிட்டத்தை அளக்கும் முறையை உருவாக்கியவர்களுள் ஒருவரான ராபர்ட் ஹான்பரி பிரவுன், 1916 ஆகஸ்டு 31 அன்று நீலகிரியின் அருவங்காட்டில் பிறந்தார். இப்பிறப்புச் செய்தி ஒன்றே அம்முறையைத் தமிழ்நாட்டு அறிவியல் வரலாற்றோடு இணைக்கப் போதுமா என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

அளவீட்டு முறை

பெருந்தொலைவில் உள்ளமையால் விண்மீன்கள் தொலைநோக்கியிலும் புள்ளிகளாகவே தோன்றுகின்றன. 1920இல் மைக்கேல்சனும் பீஸும் இரு ஆடிகளில் பெற்ற ஒளியலைகளை ஒன்றுசேர்த்துத் திருவாதிரை விண்மீனின் கோணவிட்டத்தை அளந்தனர். ஆயினும் ஆடிகளின் இடைவெளியைப் பெருக்குவதற்குக் காற்றுமண்டலக் கலக்கம் தடையாயிற்று. ஹான்பரி பிரவுனும் ரிச்சர்டு ட்விஸ்ஸும் அலைகளைச் சேர்க்கவில்லை. இரு ஆடிகளில் விழும் ஒளியைத் தனித்தனியே மின்குறிப்புகளாக மாற்றி, அவற்றின் ஏற்ற இறக்கங்கள் எவ்வளவு ஒத்துச் செல்கின்றன எனக் கணக்கிட்டனர். ஆடிகளின் இடைவெளி கூடுந்தோறும் ஒட்டுறவு குறையும். அது குறையும் பாங்கிலிருந்து கோணவிட்டம் பெறப்படும். பழைய தேடொளி விளக்குகளின் ஆடிகளைக் கொண்டு சீரியஸ் விண்மீனை அளந்த முடிவு 1956இல் வெளிவந்தது. பின்னர் ஆஸ்திரேலியாவின் நராப்ரியில், 188 மீட்டர் விட்டமுள்ள வட்ட இருப்புப்பாதையில் நகரும் இரு பெரும் எதிரொளிப்பான்களால் 32 விண்மீன்கள் அளக்கப்பட்டன.

கோட்பாட்டு விவாதம்

தனித்தனியே வந்துசேரும் ஒளித்துகள்களிடையே ஒட்டுறவு எவ்வாறு இருக்கக்கூடும் என இயற்பியலாளர் பலர் ஐயுற்றனர். ஒளித்துகள்கள் கூட்டமாக வந்துசேரும் இயல்புடையவை என 1956இலேயே பர்செல் விளக்கினார். இவ்விவாதம் ஒளியின் குவாண்டக் கோட்பாட்டுக்கு வித்திட்டது. 1963இல் கிளாபரும் ஈ. சி. ஜி. சுதர்சனும் அக்கோட்பாட்டை வகுத்தனர். கோட்டயத்தில் பிறந்த சுதர்சன், சென்னைக் கிறித்தவக் கல்லூரியிலும் சென்னைப் பல்கலைக்கழகத்திலும் பயின்றவர். 2005இல் கிளாபருக்கு நோபல் பரிசு பகிர்ந்தளிக்கப்பட்டபோது சுதர்சன் விடுபட்டது கடும் விவாதத்திற்கு உள்ளானது.

முடிவுரை

ஹான்பரி பிரவுனின் தந்தை, அருவங்காட்டு வெடிமருந்துத் தொழிற்சாலையோடு தொடர்புடைய ஆங்கிலேயப் படை அலுவலர்; மகனின் உயர்கல்வியோ இங்கிலாந்தில் அமைந்தது. எனவே அவரது பிறப்பிடம் காலனி ஆட்சி வரலாற்றின் தரவேயன்றி அறிவு மரபின் சான்று அன்று. சுதர்சனின் 1963ஆம் ஆண்டு ஆய்வும் அமெரிக்காவில் நிகழ்ந்ததே. ஆயினும் அவர்தம் இயற்பியல் கல்விக்கு அடித்தளம் சென்னையில் இடப்பட்டது. பிறந்த ஊரைக் கொண்டு பெருமை கோருவதினும், கல்வி நிறுவனங்களின் பங்கை ஆவணப்படுத்துவதே தமிழ்நாட்டு அறிவியல் வரலாற்றுக்கு உறுதியான அடிப்படையாகும்.